பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது? ஒரு தோட்டப்புற நகரில் கிளைக்கதை வழியே பருவநிலை பேசிய அனுபவம்

முதல் சனிக்கிழமை, வந்திருந்த 14 பிள்ளைகளிடமும் ஒரு தாளைக் கொடுத்தோம். ஐந்தே கேள்விகள். பருவநிலை மாற்றம் உனக்குக் கவலை தருகிறதா, அதைக் குறைக்க நீ ஏதாவது செய்வாயா, வீட்டில் அதைப் பற்றிப் பேசுவாயா என்பது போன்றவை. பத்து நிமிடத்தில் எல்லாத் தாள்களும் திரும்பி வந்துவிட்டன. எல்லோருக்கும் கவலை இருந்தது. எல்லோரும் ஏதாவது செய்வார்கள். எல்லோரும் வீட்டில் பேசுவார்கள்.

மதியம் கோவில் மண்டபத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது, பின்வரிசை வீடுகளில் எங்கோ குப்பை எரிகிற நாற்றம். காய்ந்த ஓலையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தால் தொண்டையைப் பிடிக்குமே, அந்த நாற்றம். பிள்ளைகள் அந்தப் புகைக்குள்ளேயே சைக்கிளிலும் மோட்டாரிலும் கிளம்பிப் போனார்கள். நானும் என் தோழியும் அதே புகைக்குள் நடந்து போய்த்தான் காரை எடுத்தோம். தாளில் எழுதியதற்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று புரிய இன்னும் ஐந்து சனிக்கிழமைகள் ஆயின. எங்கள் சனிக்கிழமை வகுப்பில் கிளைக்கதை வழியே, அதாவது படிக்கிறவரே அடுத்த வழியைத் தேர்ந்தெடுக்கும் கதை வழியே, பருவநிலை பேசிய அந்த ஆறு வாரங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரும் பிள்ளைகளும்

நான் இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். தோழி அறிவியல் ஆசிரியை. ஊர், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இரண்டு கடைத்தெருக்கள் கொண்ட ஒரு சிறு நகரம். பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடும் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. மலேசியாவில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட தென்னமரம் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆண்டு 1917. இந்தப் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்கள் இந்த வட்டாரத்தில் ரப்பர் பால் வெட்டினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கை மாறின, துண்டுபட்டன. குடும்பங்கள் தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளான லயன் வீடுகளிலிருந்து மலிவுவிலைத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இப்போது குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம்மவர்கள் லோரி ஓட்டுகிறார்கள், ஆலையில் வேலை செய்கிறார்கள், தொழிற்சாலை பஸ் ஏறிப் போகிறார்கள், காவலாளிகளாக இருக்கிறார்கள். இன்னும் லயன் வீட்டிலேயே இருக்கிற குடும்பங்களும் சில உண்டு. அந்த வீடு வேலை இருக்கிறவரைக்கும்தான். இது பின்னால் முக்கியமாக வரும்.

பிள்ளைகள் 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, சிலர் புகுமுக வகுப்பு வழியாகவும், இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். அங்கே பாடமொழி மலாய். தமிழ் ஒரு பாடம் மட்டும், அதுவும் எடுப்பவர்களுக்கு.

பருவநிலை என்பது இவர்களுக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2005 ஆகஸ்டில் காடும் நிலமும் எரிவதால் வரும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவிக்கப்பட்ட இரண்டு இடங்களில் கோல சிலாங்கூர் ஒன்று, போர்ட் கிள்ளான் மற்றொன்று. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, இங்கே எல்லோரும் ஐ.பி.யூ. என்று சொல்வது, 500-ஐத் தாண்டியது. 300-க்கு மேல் போனாலே அபாயம் என்று கணக்கு. அப்போது இந்தப் பிள்ளைகள் பிறக்கவில்லை. பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். 2019-இல் புகையால் பள்ளி மூடியது அவர்களுக்கே நினைவிருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளம் அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. சிலாங்கூரில் நாள்கணக்கில் விடாமல் பெய்த அந்த மழையில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா வீடுகளின் மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏறியது. நாடு முழுக்க 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. எங்கள் பிள்ளைகளில் இருவர் துயர் துடைப்பு மையத்தில் சிமெண்டுத் தரையில் படுத்தவர்கள்.

அதனால் கவலை உண்மையானதுதான். தாளில் அவர்கள் பொய் எழுதவில்லை. 2021-இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் கேரோலின் ஹிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 10 நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். 59 விழுக்காட்டினர் பருவநிலை குறித்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். இந்தியாவும் பிலிப்பைன்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு, மலேசியா இல்லை. கவலை எவ்வளவு என்று கேட்க இப்படிப்பட்ட தாள் போதும். கவலைப்படுகிற பிள்ளை அடுத்த நிமிடம் என்ன செய்யும், எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்துகொள்ள வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

ஏன் கதை

எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். எந்த இடத்தில் ‘ம்’ சத்தமாக வந்தது, எந்த இடத்தில் இழுத்து வந்தது, எங்கே வரவேயில்லை என்பதை வைத்தே பாட்டிக்கு எங்கள் மனசு தெரிந்துவிடும். ஊடாட்டக் கதை என்று இன்று சொல்வதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். படிக்கிறவர் அழுத்துகிற ஒவ்வொரு இணைப்பும் ஒரு ‘ம்’. பிள்ளைகளுக்கு ‘ஊடாட்டக் கதை’ என்ற சொல் வாயில் வரவில்லை. கிளைக்கதை என்றோம், ஒட்டிக்கொண்டது.

கருவியாக டுவைன் எடுத்துக்கொண்டோம். கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் உருவாக்கிய இலவச, திறந்த மூல நிரல் அது. கதையைத் துண்டு துண்டாக எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு பெட்டி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லைப் போட்டால் அது அடுத்த துண்டுக்கு இணைப்பாகிவிடும். முடித்தபின் எல்லாம் ஒரே கோப்பாக வரும், இணையம் இல்லாமலேயே உலாவியில் திறக்கும். தமிழ் எழுத்துக்குத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. ஐந்து மடிக்கணினிகளைக் கடன் வாங்கிக்கொண்டோம். மிச்சப் பேர் கைப்பேசியில் படித்தார்கள்.

முதல் கதையை நாங்கள் இருவரும் எழுதினோம். பெயர் ‘பின்வாசல்’. கதைநாயகர் ‘நீ’தான். ஐந்து காட்சிகள். புகைமூட்டக் காலையில் பள்ளிக்குக் கிளம்புகிறாய். வீட்டுப் பின்புறம் பாட்டி குப்பையைக் கொளுத்துகிறார். கோவில் திருவிழா அன்னதானத்துக்குப் போலிஸ்டைரின் தட்டு வாங்கலாமா என்று நிர்வாகக் கூட்டம் நடக்கிறது. இரவில் ஆற்று நீர் ஏறுகிறது. கடைசியில், ஆற்றோரக் காட்டை அழிக்கக் கூடாது என்று ஒரு மனு கையெழுத்துக்கு வருகிறது. ஒவ்வொரு காட்சியிலும் மூன்று அல்லது நான்கு வழிகள்.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். யார் எந்த வழியில் போனார் என்பதைப் பெயரில்லாமல்தான் எடுத்தோம். டுவைன் கோப்பு தானாக எதையும் யாருக்கும் அனுப்பாது. கடந்து வந்த துண்டுகளின் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் காட்டும்படி அமைத்தோம். பிள்ளைகள் அதைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதி டப்பாவில் போட்டார்கள்.

“டீச்சர், எது சரியான பதில்?”

முதல் ஓட்டத்தில் பத்து நிமிடத்துக்குள் ஒரு பையன் கை தூக்கிக் கேட்ட கேள்வி இது. சரி, தப்பு எதுவும் கிடையாது, உனக்கு எது தோணுதோ அதை அழுத்து என்றேன். தலையாட்டினான். நம்பவில்லை. பதினொரு ஆண்டு கேள்விக்கு நான்கு விடை என்று பழகிய கை, நான்கில் எதற்கு மதிப்பெண் என்றுதான் தேடும். அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்களே அப்படித்தான் பழக்கினோம்.

அட்டைகளைப் பார்த்தால் தெரிந்தது. பாட்டி குப்பை கொளுத்தும் காட்சியில் நான்கு வழிகள்: தண்ணீர் ஊற்றி அணைக்கிறாய், பாட்டியிடம் பொறுமையாகப் பேசுகிறாய், படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடுகிறாய், உள்ளே போய் ஜன்னலைச் சாத்துகிறாய். இருவரைத் தவிர எல்லோரும் ‘பொறுமையாகப் பேசுகிறாய்’. கோவில் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து பேசினார்கள். மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து கேள்வித் தாளே திரையில் ஏறி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. எனக்கு அன்று மனசு விட்டுப்போய்விட்டது.

தோழி ஒன்றைக் கவனித்திருந்தாள். படிவம் 2, அதாவது இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு, மாணவி ஒருத்தியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் முதலில் அழுத்தியது ‘ஜன்னலைச் சாத்துகிறாய்’. அந்தத் துண்டில், ஜன்னலைச் சாத்தியபிறகும் உள்ளறையில் தம்பி இருமுவது கேட்கும். அதைப் படித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு திரையின் ஓரத்தில் இருக்கும் பின்செல்லும் அம்பை அழுத்தித் திரும்பி வந்து ‘பொறுமையாகப் பேசுகிறாய்’ என்பதற்குப் போனாள். அவள் அட்டையில் பேசியது மட்டும்தான் இருந்தது.

கோளாறு எங்கள் அமைப்பில். டுவைனில் வழக்கமாக வரும் ஹார்லோ என்ற கதை வடிவத்தில், அந்த அம்பை அழுத்தினால் போன படி கணக்கிலிருந்தே அழிந்துவிடும். பட்டியலில் அது வராது. நாங்கள் தேடி வந்ததே அந்தத் தயக்கத்தைத்தான். அதை அழிக்கிற பொத்தானை நாங்களே கையில் கொடுத்து உட்கார வைத்திருந்தோம்.

அடுத்த வாரத்துக்குள் பக்கப் பட்டையை மறைத்துவிட்டோம். அம்புக்குப் பதிலாக ஒவ்வொரு துண்டின் அடியிலும் ‘மனசு மாறிட்டேன்’ என்று நாங்களே ஒரு இணைப்பு வைத்தோம். அது முந்திய துண்டுக்கே போகும், ஆனால் பட்டியலில் பதிவாகும். இன்னொன்றும் செய்தோம். கதையை ‘நீ’யிலிருந்து எடுத்து, ஒரு பெயரில்லாத 15 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். ‘நீ என்ன செய்வாய்’ என்று கேட்டால் நல்ல பிள்ளையாகப் பதில் வருகிறது. ‘இந்த ஊரில் ஒரு பிள்ளை என்ன செய்யும்’ என்று கேட்டால் ஊர் வருகிறது. இதை யாராவது செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், வேறெதை விட்டாலும் இந்த இரண்டை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் சனிக்கிழமை அட்டைகள் மாறின. பாதிக்கு மேற்பட்டோர் முதலில் போன இடம் ஜன்னல். சிலர் ஜன்னலிலேயே நின்றுவிட்டார்கள். சிலர் மூன்று முறை மனசு மாறினார்கள். கோவில் கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் நால்வர்.

பேச வார்த்தை எங்கே

ஜன்னலைச் சாத்தியவர்களிடம், ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னோம். சோம்பல், பயம், பாட்டி திட்டுவார் இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் ஒன்று: “பாட்டி திட்ட மாட்டாங்க. ஆனா என்னா சொல்றதுன்னு தெரியல.” இன்னொன்று: “எனக்குப் புரியுது, ஆனா தமிழ்ல தெரியாது.”

இந்த இரண்டாவது வரியை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பிள்ளைகள் பருவநிலை பற்றிக் கற்றதெல்லாம் மலாயில். பெரூபாஹான் இக்லிம் (பருவநிலை மாற்றம்), பெமானாசான் குளோபல் (புவி வெப்பமாதல்), பெம்பாக்காரான் தெர்புகா (திறந்தவெளி எரிப்பு). புகைமூட்டம் என்ற ஒரு சொல்தான் தமிழில் தெரியும், அதுவும் வானொலிச் செய்தி புண்ணியத்தில். பாட்டியோடு அவர்கள் வாழ்வது தமிழில். சாப்பாடு, கோபம், காய்ச்சல், சாமி எல்லாம் அந்த மொழியில். தெரிந்த விஷயம் ஒரு மொழியில், சொல்ல வேண்டிய ஆள் இன்னொரு மொழியில். நடுவில் பாலம் கட்ட யாரும் கற்றுத்தரவில்லை. தமிழாசிரியையாக இருந்த எனக்கு இது எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் வாரம் கதையில் பேச்சுக்கான இடத்தைக் காலியாக விட்டோம். பிள்ளை பாட்டியிடம் என்ன சொன்னது என்று நீங்களே எழுதுங்கள். முதலில் வந்தது இப்படி: “பாட்டி, இது பெம்பாக்காரான் தெர்புகா. சலா லா (தப்பு).” எழுதியவனே படித்துவிட்டு, பாட்டிக்குப் புரியாது என்று அடித்துவிட்டான். அடுத்தது பாடநூல் தமிழ்: “பாட்டி, திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்கும்.” எந்தப் பேரப்பிள்ளை பாட்டியிடம் இப்படிப் பேசும் என்று அவர்களே சொன்னார்கள். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் படிவம் 1 படிக்கும் ஒரு சின்னப் பெண் எழுதினாள்: “பாட்டி, தம்பிக்கு இழுக்குது.”

மண்டபம் முழுக்க ஒப்புக்கொண்டது. அது போதும், பாட்டி உடனே தண்ணீர் ஊற்றிவிடுவார் என்றார்கள். அந்த வாக்கியத்தில் பருவநிலை இல்லை, பூமி இல்லை, 2050 இல்லை. தம்பியின் இழுப்பு இருக்கிறது. இந்த ஊரில் பிள்ளைகள் செயலுக்குள் நுழைகிற கதவு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2050-க்குள் நிகர சுழிய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கரிமத்துக்கு ஈடாக உறிஞ்சிவிடுவது, என்ற நாட்டின் இலக்கு அவர்களுக்குத் தெரியும், தேர்வில் எழுதுவார்கள். வீட்டுப் பின்வாசலில் அதைச் சொல்லி யாரையும் அசைக்க முடியாது என்பதும் தெரியும்.

அதோடு முடியவில்லை. ஒரு பையன் பாட்டியின் பதிலையும் எழுதினான்: “புகை போட்டாத்தான்டா கொசு போகும். டெங்கி வந்தா நீயா பார்ப்ப?” டெங்கி நோயாளிகள் நாட்டிலேயே அதிகம் சிலாங்கூரில்தான். பாட்டி சொல்வது வெறும் பிடிவாதம் கிடையாது. இந்தத் துண்டை நாங்கள் இருவரும் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் எழுதியிருக்க மாட்டோம்.

அப்பா வேலை செய்கிற இடம்

இங்கே தோழியின் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டும். குப்பைக் குவியல் எரிவதைப் பருவநிலைக் கதையின் நடுவில் வைத்ததே சரியா என்று அவள் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக் குப்பை எரிவதால் வரும் கரியமில வாயு சிறிது. நெஞ்சுக்குத்தான் பெருங்கேடு. பிள்ளைகளின் மனதில் ஏற்கெனவே புகைமூட்டம், ஓசோன் ஓட்டை, பிளாஸ்டிக், புவி வெப்பமாதல் எல்லாம் ஒரே பானையில் கலந்து கிடந்தன. ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வருவதால்தான் சூடு அதிகம் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கதை அந்தக் குழப்பத்தை வளர்த்துவிடக் கூடாது என்றாள். அவள் சொன்னது நியாயம். நான்காம் வாரத்தின் இரண்டாம் பாதியை அவளிடம் கொடுத்தேன்.

எது எதனால் வருகிறது என்று பிரித்துக்காட்டினாள். எரியும் எரிபொருள், அழியும் காடு, வடிந்து காயும் கரிநிலம், அதாவது மட்கிய செடிகொடி படிந்த சதுப்பு நிலம். கரிநிலத்தில் தீப்பிடித்தால் அது மண்ணுக்கு அடியிலேயே நாள்கணக்கில் புகையும், மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது என்றாள். அப்புறம் மீத்தேனுக்கு வந்தாள். காற்றுப் படாமல் கழிவு மட்கும் இடத்தில் மீத்தேன் வரும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குப்பை மேட்டில் அழுகும் சாப்பாட்டில் வரும், செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தில் வரும்.

குளம் என்றதும் எல்லோரும் மூக்கைப் பொத்துவதுபோல் கை காட்டினார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஊருக்கே தெரியும் நாற்றம் அது. மீத்தேனுக்கு வாசனை கிடையாது, நாறுவது கூட வரும் கந்தக வாயுக்கள் என்று தோழி திருத்தினாள். அப்போது படிவம் 4 பையன் ஒருவன், அதுவரை அதிகம் பேசாதவன், கேட்டான்: “அப்போ எங்கப்பா வேலை செய்யிற இடந்தான் காரணமா டீச்சர்?”

யாரும் பேசவில்லை. அவன் அப்பா ஆலையில் கொதிகலன் பிரிவில் இருக்கிறார். இந்த நகரத்தில் செம்பனையைப் பற்றிப் பேசினால் அது யாராவது ஒருவருடைய அப்பாவைப் பற்றிப் பேசுவதாகிவிடும். வெளியூரிலிருந்து வரும் பருவநிலைப் பாடங்கள் இதை யோசிப்பதே இல்லை. அவற்றில் செம்பனை என்றால் எரியும் காடும் சாகும் உராங் ஊத்தானும்தான். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, சாப்பாட்டு மேசையில் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்க்கும்?

தோழி அவசரப்படவில்லை. அந்தக் குளத்தை மூடிப்போட்டு, வாயுவைப் பிடித்து, அதிலேயே மின்சாரம் எடுக்கிற ஆலைகளும் இருக்கின்றன என்றாள். உங்கப்பா ஆலையில் எப்படி என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், கேட்டு வந்து சொல்கிறாயா என்றாள்.

அடுத்த வாரம் அவன் வந்து சொன்னதைவிட, எழுதிக்கொண்டு வந்தது பெரிது. கதைக்கு ஒரு புதிய துண்டு. பிள்ளை அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போகிறது. குலை வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் கெட்டுப்போகும் என்று அப்பா சொல்கிறார். அவித்த தண்ணீர் எங்கே போகிறது என்று குளம் குளமாகக் காட்டுகிறார். கடைசியில் பிள்ளை கேட்கிறது, இதை மூட முடியாதா அப்பா. அப்பா சொல்கிறார், முடியும்டா, காசு போடணும், என் கையில இல்ல. மொத்தக் கதையிலும் சிறந்த துண்டு அதுதான். ஐந்து கேள்வித் தாளில் அந்தப் பையன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருந்தாலும் இது அதில் இருந்திருக்காது.

எங்கள் அட்டவணையின் தவறு

வழிகளை வகைப்படுத்த நாங்கள் ஒரு அட்டவணை வைத்திருந்தோம். செயல்படுகிறார், தயங்குகிறார், ஒதுங்குகிறார். மனு காட்சியில் கையெழுத்துப் போடாதவர் ‘ஒதுங்குகிறார்’ கட்டத்தில் விழுவார். மூன்றாம் ஓட்டத்தில் லயன் வீட்டுப் பையன் ஒருவன் அந்தக் காட்சிக்கு வந்ததும் மடிக்கணினியை மெல்ல மூடிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து திறக்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்தவள் பிறகு எனக்குச் சொன்னாள்: “அவங்க வீடு தோட்டத்தோடது டீச்சர். பேரு போட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு நினைக்கிறான்.”

அது நடக்குமா நடக்காதா என்பது வேறு. ஒரு 14 வயதுப் பையன் தன் பெயரை எழுதுவதற்கு முன் அம்மா அப்பாவின் கூரையை எடைபோட்டுப் பார்க்கிறான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒதுங்குதல்’. வெட்கமாக இருந்தது. அட்டவணையைக் கிழித்துவிட்டோம். அதன் இடத்தில் ஒவ்வொரு தயக்கத்துக்கும் இரண்டு கேள்விகள் வைத்தோம்: இதை இந்தப் பிள்ளை சொன்னால் யார் கேட்பார்? இந்தப் பிள்ளைக்குப் பதிலாக யார் சொன்னால் நடக்கும்? அப்படிப் பார்த்தபோது, ஒதுங்கல் என்று நாங்கள் குறித்திருந்தவற்றில் பெரும்பாலானவை ஆள் தேடல்களாக இருந்தன. கோவில் கூட்டத்தில் தாங்கள் எழுந்து பேசாத பிள்ளைகள், தலைவரின் மகளை முதலில் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தட்டுக்குப் பதில் வாழையிலை என்று சொன்னால் பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள், அது நம்ம பழக்கம் என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள். இந்த வழிகள் எதுவும் எங்கள் முதல் கதையில் இல்லை. நாங்கள் எழுதிய வழிகள் எல்லாம் தனி ஆள் துணிவா, தனி ஆள் கோழைத்தனமா என்பதாகவே இருந்தன.

இதன் எல்லை எனக்குத் தெரியும். 14 பேர், ஒரே ஊர், எல்லோரும் சனிக்கிழமை வகுப்புக்குத் தானாக வருகிறவர்கள். வராத பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள் என் முன்னால் எதை மறைப்பார்கள் என்பதும் இருக்கிறது. கதையில் அழுத்தியதை வாழ்க்கையில் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கதை காட்டியது, அவ்வளவுதான்.

ஆறாம் சனிக்கிழமை

கடைசி வாரம் வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டோம். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பின்வரிசையில் பழைய லயத்தில் இருக்கும் ஒரு பாட்டி, பால் வெட்டி ஓய்வுபெற்றவர், பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பேத்தி படிக்க, பாட்டி விரலால் காட்ட, கதை நகர்ந்தது. குப்பைக் காட்சி வந்தது. பேத்தி நான்கு வழிகளையும் படித்தாள். பாட்டி எதையும் காட்டவில்லை.

“இதுல நான் சொல்றது ஒண்ணும் இல்லியேம்மா,” என்றார் என்னைப் பார்த்து. என்ன சொல்வீர்கள் பாட்டி என்று கேட்டேன்.

“புகை கெட்டதுன்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சரம்மா? குப்பை லோரி தாமான் வரைக்கும் வருது. எங்க ரோடு தோட்டத்து ரோடாம், உள்ள வர மாட்டாங்களாம். தோட்டத்துல கேட்டா ஆள் இல்லங்கிறாங்க. நாங்க மட்டும் எங்க கொண்டு கொட்டுறது?”

பேத்தி பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வாரமாகப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். பாட்டியிடம் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று கிளைக்கதையை அப்படியே நிறுத்திவிட்டோம். லோரி எந்தத் தெருவரை வருகிறது, எந்த நாளில் வருகிறது, எத்தனை வீடு விடுபடுகிறது என்று பிள்ளைகள் போய் எண்ணிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கடிதம் எழுதுவது என்று முடிவானது. ஒன்று உள்ளூர் மன்றத்துக்கு, ஒன்று தோட்ட அலுவலகத்துக்கு. மலாயில் எழுத வேண்டும். இந்த முறை பாட்டி தமிழில் சொன்னதைப் பிள்ளைகள் மலாய்க்குக் கொண்டுபோனார்கள். கணக்கெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. “நாங்க மட்டும் எங்க கொண்டு கொட்டுறது” என்ற ஒரு வரிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. எப்படி எழுதினாலும் ஒன்று கெஞ்சலாக வந்தது, இல்லை சண்டையாக வந்தது. ஆலை வேலைக்காரரின் மகன் ஐந்தாவது முறை எழுதியதைப் படித்துக்காட்டி, தமிழில் பொருள் சொன்னபோது பாட்டி தலையாட்டினார்.

முதல் கையெழுத்து பாட்டியுடையது, தமிழில். “என்னை இனிமே எங்க அனுப்பப் போறாங்க,” என்று சொல்லிக்கொண்டே போட்டார். அப்புறம் மற்ற பெரியவர்கள், அப்புறம் பிள்ளைகள். லயன் வீட்டுப் பையன் பெயர் போடவில்லை. யாரும் அவனை ஏன் என்று கேட்கவுமில்லை. இரண்டு கடிதத்தையும் மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டியது அவன்தான்.